பூசையில் வைத்த பூட்டு

மத்தியானமே அணைத்துவிட்ட பேனல், சாயங்காலமும் சூடாக இருந்தது.

எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் விஸ்வேஸ்வரன் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மின்சாரத்தோடு பழகியவர்கள் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்கள். பிறகு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தில் இருக்குமே, அந்தச் சூடு. பிரேக்கரின் கைப்பிடி கீழேதான் இருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை. ஷெட்டில் ஒரு மெஷினும் ஓடவில்லை. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நம்பர் பேனல் இருக்கும் மூலையில் வெயில் விழ வழியே கிடையாது என்பதும், வெளியே காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும்.

அன்று ஆயுத பூசை. பிம்ப்ரியில் மராட்டிக்காரர்கள் அதைக் கண்டே நவமி என்பார்கள். பெயர் எதுவானாலும் அன்று மத்தியானத்தோடு தொழிற்பேட்டை முழுவதும் வாயை மூடிக்கொண்டுவிடும். வருஷம் பூராவும் ராத்திரி பகலாகக் கத்திக்கொண்டிருக்கும் ஷெட், மருந்துப் புட்டிகளைக் கக்கித் தள்ளும் அந்தப் பெரிய மெஷின்கள் எல்லாம் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டுக்கொண்டு வரிசையாகச் சும்மா நின்றன. கூரைத் தகட்டுக்கு நடுவே பதித்திருந்த பிளாஸ்டிக் தகடுகள் வழியாக மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம் வடிந்து, தரையில் உடைத்த பூசணிக்காயின் குங்குமத்தில் விழுந்து கிடந்தது. பூ வாடை, ஊதுபத்தி வாடை, பூசணிக்காயின் ஈர வாடை. அத்தனைக்கும் அடியில், கொஞ்சமாக, சூடேறிய ரப்பரின் வாடை.

பொரியும் பேடாவும் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் போகாததற்குக் காரணம் இருந்தது. காலையில் பூசைக்கு நடுவே மேனேஜர் தேஜஸ் வந்து காதோரமாகச் சொன்ன சங்கதி அது. தேஜஸ் பக்கத்துக் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பாதித் தமிழை வழியிலேயே தொலைத்தவன்.

"விஸ்வேஸ்வரன் சார், பர்சோ, நாளன்னைக்கு, இன்ஸ்பெக்டர் வராங்க. ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸும் திறந்து பாப்பாங்களாம். தேர்ட் பேனல் கேபிள் லாஸ்ட் இயரே புதுசு போட்டாச்சுல்ல?"

"ஆச்சே," என்றார் விஸ்வேஸ்வரன், கண்ணை மூடி சாமி கும்பிட்டபடியே.

ஆகவில்லை. அதே கேபிள்தான் இருந்தது. பிளாஸ்டிக் மணிகளை உலர்த்தும் டிரையர் ஒன்றுக்கென்று இழுத்த கேபிளில், புதிது இழுக்க யாருக்கு நேரம் என்று மூன்று டிரையர்களைத் தொங்கவிட்டது அவர்தான். சுமை தாங்காமல் பிரேக்கர் அடிக்கடி விழுந்தபோது, அதைவிடப் பெரிய பிரேக்கரை மாட்டி அதன் வாயை அடைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு பிரேக்கர் விழவில்லை. கேபிள் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தது. நாளைக்கு தசரா, ஷெட்டுக்கே பூட்டு. மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் அந்தப் பெட்டியைத் திறந்தால் கருகிய கேபிளைப் பார்ப்பார். பார்த்தால் போன வருஷத்துக் கேஸைத் திறப்பார். திறந்தால் வேலை மட்டுமா போகும்? ஆகவே இன்றைக்கே, ஆளில்லாத நேரத்தில், இரண்டு டிரையர்களைக் கழற்றி வேறு லைனுக்கு மாற்றிவிட வேண்டும். சின்ன வேலைதான்.

பரமசிவத்தையும் சின்ன வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பரமசிவம் எலக்ட்ரீஷியன். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பிழைக்க வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. நிதானமான ஆள், அவன் நிதானத்தைப் பார்த்தால் விஸ்வேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பிரேக்கரை அணைத்தால் அதன் கதவில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். "இரு, வரேன்" என்று அதனிடம் சொல்வான். பிறகு கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நகர்வான். அந்தத் தொழிற்சாலையில் சட்டமே அதுதான். கேபிளில் கை வைக்கிறவன் தன் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் அவன் புகைப்படம் தொங்கும். அவன் திரும்பி வந்து தன் கையால் திறந்தாலொழிய அந்த லைனுக்கு யாரும் கரண்ட் கொடுக்க முடியாது.

போன வருஷ ஆயுத பூசையன்று அந்தப் பூட்டு பூசையில் இருந்தது. ஸ்பேனர், பிளையர், டெஸ்டர் எல்லாவற்றோடும் சேர்ந்து பொட்டு வைத்துக்கொண்டு சாமி படத்தின் முன்னால் கிடந்தது. மத்தியானம் டிரையர் லைன் நின்றுபோனது. அவசர ஆர்டர், உடனே ஓட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன். சாமி விஷயத்தில் விஸ்வேஸ்வரனை மிஞ்ச ஆளில்லை. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது என்பதில் உடும்புப்பிடி. கடையிலிருந்து புது டெஸ்டரும் பிளையரும் வாங்கி வரச் செய்தார். பூட்டுக்குத்தான் வழியில்லை.

"பூட்டை மட்டும் எடுத்துக்கறேன் சார்," என்று கேட்டான் பரமசிவம்.

"பூசையில வெச்சதை எடுக்கக் கூடாதுப்பா. பேனல்கிட்ட நான் ஒருத்தன் நிக்கிறேன்ல? எனக்கு மேல உனக்கு ஒரு பூட்டு வேணுமா?"

பரமசிவம் சிரித்தான். பேனல் கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். கேபிள்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸ் ஷெட்டின் மறுகோடியில், மெஷின்களுக்குப் பின்னால். பேனலிடம் நிற்பவருக்கு அது தெரியாது. மறுபடியும் போன் அடித்தது. என்னாச்சு, என்னாச்சு என்றார்கள். முடித்திருப்பான் என்று விஸ்வேஸ்வரன் நினைத்தார். நினைத்ததோடு சரி, ஒரு குரல் கொடுத்துக் கேட்கவில்லை. கைப்பிடியை மேலே தள்ளினார். அந்தப் பக்கத்திலிருந்து அலறல்கூட இல்லை. ஏணி விழுந்த சத்தம்தான் கேட்டது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அவர் சொன்னது வேறு. அணைக்காமலே கை வைத்துவிட்டான், பூட்டும் போடவில்லை, நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவன் மனைவி சரசாவுக்குத் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்ததைத் தன் பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தார். அவளும் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல், அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டு, அவர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டு இருந்தாள்.

பேனலின் சூடு இன்னும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளே இல்லாத ஷெட்டில் யார் வந்து ஆன் செய்யப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனாலும் பூட்டைப் போட்டுவிடலாமே என்று ஒரு மனசு சொன்னது. பூசை போட்டிருந்த இடத்துக்கு நடந்தார். தன் செருப்புச் சத்தம் தனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிக் கேட்பதுபோல் இருந்தது. நின்றார். அதுவும் நின்றது. கூரையின் எதிரொலி, வேறென்ன.

பூசை மேஜையருகே சரசா நின்றிருந்தாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீ இன்னும் போகலையா?"

"பூசை சாமானை ஒதுக்கி வெச்சிட்டுப் போலாம்னு நின்னேன் சார். நீங்க போகலையா? மத்தியானமே லீவு விட்டாச்சே."

"ஒரு சின்ன வேலை. பூட்டையெல்லாம் ஏன் பூசையில வெச்சே? வைக்கக் கூடாதுன்னு தேஜஸ் சொன்னாரில்ல?"

"சின்னப் பையன் சார், அவருக்கு என்ன தெரியும்? பூட்டும் ஆயுதந்தானே. எல்லாத்தையும் கழுவித் துடைச்சுப் பொட்டு வெச்சேன். உங்களுதும் இருக்கு, பாருங்க."

சிவப்புப் பூட்டுகள் ஒரு தாம்பாளத்தில் வட்டமாக இருந்தன. மற்றவர்களின் பூட்டில், இரும்பின் மேல் சந்தனமும் குங்குமமும். அவருடையதில் மட்டும் பொட்டு புகைப்படத்தில் இருந்தது. நெற்றி நடுவில், அளவெடுத்து வைத்ததுபோல. வீட்டில் போய்ச் சேர்ந்தவர்களின் படத்துக்கு வைப்பார்களே, அப்படி. படத்தைச் சுற்றி ஒரு துண்டுச் சாமந்திச் சரம் வேறு. பக்கத்தில் இன்னொரு பூட்டு, பழசு, விளிம்பு தேய்ந்தது. அதில் பரமசிவம் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் படத்தில் பொட்டு இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தது.

"இதை எதுக்கு இங்கே கொண்டாந்தே?" என்று கேட்டார்.

"அவரு பூட்டு சார். வேலைன்னா வேணுமே."

அவர் தன் பூட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"பூசையில வெச்சதைத் தொடக் கூடாது சார்," என்றாள் சரசா. ஈரத் துணியை மடித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில். "நீங்கதானே சொன்னீங்க. பேனல்கிட்ட நான் நிக்கிறேன், எனக்கு மேல ஒரு பூட்டான்னு கேட்டீங்களே."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பேச்சு நடந்தபோது அங்கே இரண்டே பேர். ஒருவர் இவர். மற்றவன் அடுத்து வாய் திறப்பதற்குள் செத்துப்போனான்.

"யாரு... யாரு சொன்னா உனக்கு?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு, "நான் வரேன் சார். நீங்க வேலையப் பாருங்க," என்று நடந்தாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் பக்கம் போனாள். மழை பிடித்துக்கொண்டது.

பூட்டை எடுத்திருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் இன்றைக்கு எடுத்தால் அன்றைக்கும் எடுத்திருக்கலாம் என்று ஆகிவிடும். அந்த நினைப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நெற்றியில் பொட்டோடு தன்னையே பார்க்கும் அந்த முகத்தைத் தொடவும் கை வரவில்லை. பயத்துக்குப் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

பேனலுக்குப் போய்க் கைப்பிடி கீழே இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மறுகோடிக்கு நடந்து ஏணியைச் சாத்தி ஏறி, ஜங்ஷன் பாக்ஸின் மூடியைக் கழற்றினார். குப்பென்று முகத்தில் அடித்தது வாடை. கருகிய ரப்பர், அதோடு கருகிய மயிர். சுத்தம் செய்த பெட்டி அது. ஒரு வருஷம் ஆகிவிட்டது. எப்படி இன்னும் அந்த வாடை? கடையில் புதிதாக வாங்கி வந்த டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. கரண்ட் இல்லை. திருகைக் கழற்ற ஆரம்பித்தார். கூரைத் தகட்டில் மழை கொட்டிய கொட்டில் வேறெந்தச் சத்தமும் கேட்டிருக்கக் கூடாது.

கேட்டது.

டொக், டொக்.

பேனல் பக்கமிருந்து. விரல் முட்டியால் தகரக் கதவில்.

ஏணியிலிருந்து இறங்கி ஓடினார். யாரும் இல்லை. கைப்பிடி கீழேதான். ஆனால் அதில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது, சந்தனத்தில். ஈரம் காயாமல். கதவைத் தொட்டார், தொட்டதும் இழுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு.

பூசை மேஜையைப் பார்த்தார். தாம்பாளத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. பழைய பூட்டு இருந்த இடத்தில் சந்தனம் ஒரு வளையமாகப் பதிந்திருந்தது.

அவள்தான். வேறு யார்? போவதுபோல் போய்ப் பின்வழியாக உள்ளே வந்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்தார். கோபம் வந்ததும் கொஞ்சம் தைரியமும் வந்தது. ஒவ்வொரு மெஷின் பின்னாலும் போய்ப் பார்த்தார். "சரசா!" என்று கத்தினார். சாமந்தி மாலைகள் அசையாமல் தொங்கின. பின்கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது.

வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடலாம். ஓடினால்? பாதி கழற்றிய பெட்டியை இன்ஸ்பெக்டரே பார்ப்பார். இன்னும் கொஞ்சம்தான். திருகு இரண்டு, ஒயர் மூன்று. ஒரு யோசனை தோன்றியது. ஏணியில் ஏறி நின்று சரசாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் பஸ்ஸிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்வரை அவள் பேனலிடம் இல்லை. பேச வைத்துக்கொண்டே முடித்துவிடலாம்.

"ஹலோ, சொல்லுங்க சார்."

பின்னால் பஸ்ஸின் இரைச்சல். கண்டக்டர் மராட்டியில் யாரையோ உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிஜமான பஸ். விஸ்வேஸ்வரனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"எங்கே இருக்கே?"

"பஸ்ஸுல சார். கட்கி வரல இன்னும்."

"பேசிட்டே இரு. போனை வெக்காத. என்ன... என்ன சமையல் இன்னைக்கு?"

"சமையலா சார்? அவருக்குப் பிடிச்சதுதான். வருஷ திதியில்ல."

டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. வெறும் விரலால் ஒயரைப் பிடித்து வளைத்தார். ஒன்று. கழன்றது. இரண்டாவதைப் பிடித்தார்.

ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது.

"சரசா, இங்கே உள்ள யாராவது இருக்காங்களா? வாட்ச்மேனை அனுப்பினியா?"

"வாட்ச்மேனை நாந்தான் சாய் குடிக்க அனுப்பிச்சேன் சார்."

"பின்னே யாரு பேனல்கிட்ட?"

"எதுக்கு சார் பயப்படுறீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபத்தையெல்லாம் எப்போதோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டவளின் குரல். "அவரு நிக்கிறாருல்ல."

பையில் போன் அணைந்தது.

போன வருஷத்து விபத்துக்குப் பிறகு, ஃபோர்க்லிஃப்ட் திரும்புகிற முனையில் பெரிய உருண்டைக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தார்கள். பார்வைக்குத் தப்பும் மூலைகள் இனிமேல் இருக்கக் கூடாது என்பதற்காக. ஏணியில் நின்றால் அதில் பேனல் தெரியும். சின்னதாக. வளைந்து.

பார்க்கக் கூடாது என்று நினைத்தார்.

பார்த்தார்.

மூன்றாம் நம்பர் பேனலின் பக்கத்தில் ஓர் ஆள். இந்தப் பக்கம் முதுகைக் காட்டி. தொழிற்சாலையின் நீலச் சட்டை, வலது தோளிலிருந்து மணிக்கட்டுவரை கருகி. நிதானமாக நின்றான். அவசரமே இல்லாமல்.

கையை எடு என்றார் தன் கையிடம். கை கேட்கவில்லை. விரல்கள் ஒயரைச் சுற்றி இறுகிக்கொண்டன. இன்னும் கரண்ட் வரவில்லை. வராமலே இறுகிக்கொண்டன.

"பரமசிவம்," என்றார். "பரமசிவம், வேண்டாம்ப்பா. நான் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். நாளன்னைக்கு இன்ஸ்பெக்டர் வரார், அவர்கிட்ட..."

டொக், டொக்.

ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தவனின் குரல் காதோரமாகக் கேட்டது. சிரித்துக்கொண்டே சொன்னான்.

"நான் ஒருத்தன் நிக்கிறேன்ல சார்? எனக்கு மேல உங்களுக்கு ஒரு பூட்டு வேணுமா?"

கைப்பிடி மேலே போனது.

மூன்று டிரையர்களும் ஒரே நேரத்தில் உறுமின. விளக்குகள் எல்லாம் எரிந்தன. மாலை போட்ட மெஷின்கள் ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்தன. ஏணி விழவில்லை, அவர் கைகள் விடவில்லை. மூட முடியாத கண்களுக்கு எதிரே அந்த உருண்டைக் கண்ணாடி. அதில், மேலே தள்ளிய கைப்பிடி இனி கீழே வராதபடி சிவப்புப் பூட்டு ஒன்று மாட்டப்பட்டது.

பரமசிவம் சாவியை உருவினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.